கேலரித் தெரு ஆக்னஸும் எங்கள் மைதானமும்

எங்கள் வீட்டு மாடிக்குக் கான்கிரீட் போட்ட அன்று காலையில்தான் ஆக்னஸ் இறந்த செய்தி வந்தது.

பல ஆண்டுகள் அலைந்து கிடைத்த மாடி அது. வாசலில் கலவை இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, "வடிவக்கா, ஒருவழியா மாடி எழும்பிட்டு பாத்தியளா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் புதுச்சேலை உடுத்தி, கலவைச் சட்டிகள் கைமாறி மேலே ஏறுவதைப் பார்த்தபடி நின்றேன். அப்போது மைதானத்துக் காவலாளி தங்கராஜ் சைக்கிளில் வந்தார். ஸ்டாண்டு போடாமல் சைக்கிளைக் கீழே போட்டார்.

"அக்கா, ஆக்னஸக்கா போயிட்டாவ."

"எங்க போயிட்டா?" என்று கேட்டேன். அந்த இரைச்சலில் எனக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றியது.

தங்கராஜ் அழத் தொடங்கிவிட்டார். வழக்கம்போல மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டு, கேலரிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கொத்தனார் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். "அம்மா, பாதியில நிப்பாட்டுனா ஒட்டு விழுந்துரும். பொறவு மழைக்கு ஒழுவும். நீங்க போங்க, நாங்க முடிச்சுட்டு வாரோம்."

"நீங்க எதுக்கு வரணும்?"

"அக்காவைத் தெரியும்லா. காலையில டீக்கடையில பேசிக்கிட்டு இருப்பாவ."

வேலையாட்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். வாரக்கணக்கில் என் வீட்டில் வேலை செய்கிறவர்கள். என் பெயர் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்கள் ஆக்னஸுக்காகத் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அப்போது முதலில் வந்தது அழுகை இல்லை. இந்த ஒரு நாளாவது என்னுடைய நாளாக இருந்திருக்கக் கூடாதா என்ற எண்ணம்தான் வந்தது.

குடியிருப்போர் சங்கத்தார் இரங்கல் மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டபோது, "அவங்கள ரொம்ப நாளா தெரிஞ்சவங்க நீங்கதான்" என்றார்கள். உண்மை. ரொம்ப நாளாக அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவளும் நான்தான். அதை விட்டுவிட்டு எழுதினால் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி விடுபட்டுப் போகும். வாழ்நாளெல்லாம் நாங்கள் ஒருவரையொருவர் மரியாதை பார்க்காமல் 'ஏளா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். இப்போது அவரை 'வந்தார்', 'சொன்னார்' என்று எழுத வேண்டியிருக்கிறது. இந்த மரியாதையும் முதலில் அவருக்கே கிடைத்திருக்கிறது.

ஆக்னஸ் ஆலந்தலைக்காரர். அவருடைய அப்பா கடலுக்குப் போனவர். நான் ஆத்தூர்ப் பக்கம். எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்காலும் கொஞ்சம் வயலும் இருந்தன. தூத்துக்குடியில் கல்லூரி விடுதியில் ஒரே அறை எங்களுக்கு அமைந்தது. இருவரும் தொடர் ஓட்ட அணியில் இருந்தோம். மூன்றாவதாக ஓடுவது நான். என் கையிலிருந்து கட்டையை வாங்கிக்கொண்டு கடைசியாக ஓடுவது ஆக்னஸ். தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாக ஓடியவரை யாருக்கும் நினைவிருக்காது. கயிற்றை மார்பில் தொட்டவரைத்தான் தோளில் தூக்குவார்கள்.

ஒரு போட்டியில் நான் உயிரைக் கொடுத்து ஓடினேன். பின்னால் வந்த அணிகளை எங்கேயோ விட்டுவிட்டு வந்து கட்டையைக் கொடுத்தேன். ஆக்னஸ் ஓடி முடித்தார்; அவரைத்தான் தூக்கினார்கள். தோளில் இருந்தபடியே அவர் என்னைப் பார்த்துக் கத்தினார்:

"ஏளா வடிவு, நீ எடுத்துத் தந்த தூரத்துக்கு நான் நடந்தே போயிருப்பேன்!"

கூட்டம் சிரித்தது. எவ்வளவு பெரிய மனது என்று அதற்கும் அவரையே பாராட்டினார்கள். அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. ஆக்னஸ் எனக்கு உரியதை மறைப்பவர் அல்லர். அவர் அதை ஊரறிய என்னிடம் கொடுப்பார், கொடுத்த பெருமையும் அவரிடமே போய்ச் சேரும். இப்படிப்பட்டவரோடு சண்டை போடக்கூட வழியில்லை.

படிப்பு முடிந்ததும் நான் கட்டட வரைபடம் வரையக் கற்றுக்கொண்டு ஒரு பொறியாளர் அலுவலகத்தில் சேர்ந்தேன். ஆக்னஸுக்கு ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களில் ஏறி இறங்கி, கேப்டன்மார்களிடம் பேசிக் காரியம் முடிக்கிற வேலை. கடற்காற்றை மீறிப் பேசிப் பழகிய குரல் அவருக்கு. அந்த வேலைக்கென்றே செய்தது போலிருந்தது. நான் குனிந்த தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய கணவர் சூசை கப்பல் மாலுமி. மகள் பிரிசில்லா பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் சூசை நோயில் காலமானார். அந்தத் துக்கத்திலும் ஆக்னஸ் வீட்டில் ஆள் இல்லாத நேரம் கிடையாது. என் கணவர் உயிரோடு இருந்த காலத்தில், "ஆக்னஸ் வைக்கிற மீன்குழம்பு மாதிரி வராது" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் மீன் சமைக்கிற வழக்கமே இல்லை.

மில்லர்புரத்தைத் தாண்டி, உப்பளம் தொடங்குகிற ஓரத்தில் அந்த மைதானம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கேலரி, மற்ற பக்கமெல்லாம் மதில். மைதானத்தை ஒட்டிய மனைகள் விலை மலிவாகக் கிடைத்ததால் இருவரும் வாங்கினோம். நான் நடுத்தெருவில் வீடு கட்டினேன். கேலரித் தெருவில் கடைசி மனை ஆக்னஸுக்கு. அதற்குப் பிறகு உப்பளம்தான்.

மகனுக்குக் கல்யாணம் ஆனதும் மாடி எடுக்கலாம் என்று வரைபடம் போட்டுக்கொண்டு அனுமதிக்குப் போனேன். அங்கேதான் விஷயம் தெரிந்தது. நகரத்தின் பெருந்திட்ட வரைபடத்தில் எங்கள் குடியிருப்பு முழுவதும் மைதானத்தின் விரிவாக்கத்துக்கு ஒதுக்கிய நிலமாக நிறம் தீட்டப்பட்டிருந்தது. இருக்கிற வீடு இருக்கலாம். மேலே கட்டக் கூடாது. விற்றால் விலை போகாது, வங்கியில் கடனும் கிடைக்காது. விரிவாக்கம் எப்போது வரும் என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. அடுத்தவர் வீட்டுக்கெல்லாம் அனுமதிப் படம் போட்டுக் கொடுக்கிறவள் என் மனையை வாங்கும்போது அந்த நிறத்தைப் பார்க்கவில்லை. என் மகன் வாடகை வீட்டுக்குப் போனான்.

அன்று தொடங்கி மனுக்கள் எழுதினேன். ஒரு விஷயத்தை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதினேன். துணைக்கு ஆக்னஸ் வருவார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும், "உக்காருங்கம்மா" என்று நாற்காலி அவருக்கு வரும். மனுவை எழுதிய நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

பிறகு அந்தப் பெருமழை. ஊரில் எல்லாருக்கும் அது நினைவிருக்கும். எங்கள் தெருக்களில் தண்ணீர் சன்னல் வரை ஏறியது. ஒரு வீட்டிலும் மாடி இல்லை. எல்லாரும் கைக்குழந்தைகளோடும் பாட்டிமாரோடும் மைதானத்துக் கேலரியில் போய் ஏறினோம். ஆக்னஸ் கேலரியின் மேல்படியில், கூரைக்கு அடியில் அடுப்பு மூட்டிவிட்டார். எங்கிருந்தோ அரிசி வந்தது, சட்டி வந்தது. கஞ்சியை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மாடி இல்ல, மாடி இல்லன்னு அழுதியே வடிவு. இந்தா பாரு, ஊருக்கே ஒரு மாடி."

நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவைவிடப் பள்ளமாக இருந்த மைதானம் முடிந்தவரை மழையை உள்வாங்கியது. அது நிறைந்த பிறகுதான் தண்ணீர் உப்பளத்துப் பக்கத்து மதிலைச் சாய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. அந்தப் பள்ளம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் எங்கள் வீடுகள் முழுதாக மூழ்கியிருக்கும். அன்று நான் செய்த ஒரே காரியம் அதைப் பார்த்து வைத்தது.

அதற்குப் பிறகுதான் மைதானத்தைப் புதுப்பிக்கும் திட்டம் என்று ஒன்று வந்தது. மைதானத்தில் பாதியை எடுத்து வணிக வளாகமும் அடுக்குமாடி வீடுகளும் கட்டுவார்கள். மீதியில் செயற்கைப் புல் விரித்துக் கட்டணத்துக்கு விடுவார்கள். விரிவாக்கத்துக்கு இனி இடம் தேவைப்படாது என்பதால் எங்கள் குடியிருப்பின்மேல் இருந்த தடையும் அதோடு நீங்கும்.

குடியிருப்பே கொண்டாடியது. நானும்தான். பேரப்பிள்ளைகள் என் தலைக்குமேல் ஓடியாடும் சத்தம் எனக்கு அப்போதே கேட்கத் தொடங்கிவிட்டது. ஆக்னஸ் ஒருவர்தான் முடியாது என்றார். அவருக்கும் மாடி தேவைதான். பிரிசில்லாவும் மருமகனும் குழந்தைகளும் அவருடைய ஒற்றை அறை வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். "கெடைக்கதக் கெடுக்காத அம்மா" என்று பிரிசில்லா சண்டை பிடித்தார். சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "மைதானத்தப் பிடிச்சுக்கிட்டு நீங்களே ஓடுங்க" என்று ஆக்னஸின் முகத்துக்கு நேரே சொன்னார். அதைக் கேட்டு எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஊர் அவருக்கு எதிராக நிற்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் அவர் என் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தார்.

"ஏளா, எனக்கு ஒண்ணு வெளங்கணும். நம்ம தெருவுக்குப் போட்டுருக்க தடயும் மைதானத்துல கட்டப் போற கட்டடமும் ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டுதான்" என்றேன். "தடய எடுக்கதுக்கு மைதானத்துல ஒரு செங்கல்கூட வைக்காண்டாம். விரிவாக்கம் வராதுன்னு சொல்லிட்டா தட தன்னால போயிரும். அவங்கதான் ரெண்டயும் சேத்து முடிச்சுப் போட்டு வச்சிருக்காங்க."

"இத நீ மனுவுல எழுதுனியா?"

"விரிவாக்கம் வராதுன்னு சொல்லிட்டாப் போதும்னு எல்லா மனுவுலயும் எழுதியிருக்கேன். யாரு படிச்சா?"

"அப்ப முடிச்ச அவுத்துர வேண்டியதான்" என்று அவர் எழுந்து போனார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் கேலரியின் கீழே பந்தல் போட்டு நடந்தது. மனு எழுதிப் பழகியவள் என்பதால் சங்கத்தின் சார்பில் முதலில் நான் பேசினேன்; ஆக்னஸ் கேட்ட கேள்விக்குப் பிறகு திட்டத்தை அப்படியே வரவேற்க எனக்கும் மனம் வரவில்லை. வரைபடத்தை விரித்துக் காட்டி, மழைநீர் போன வழியையும் தடையின் வரலாற்றையும் வரிசையாக எடுத்துச் சொன்னேன். தடை வேறு, கட்டடம் வேறு என்பதையும் சொன்னேன். மேடையில் இருந்த அதிகாரிகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்ததும் ஆக்னஸ் எழுந்தார். ஒலிவாங்கி வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"ஐயா, எங்களுக்கு மாடி வேணும். அதுல ரெண்டு பேச்சு கெடையாது. எம் மவ பிள்ளியளோட ஒத்த ரூம்புல கெடக்கா. ஆனா மாடிக்கு வெல மைதானம்னு சொல்லுதியளே, அது எந்த ஊரு ஞாயம்? தெருவுக்குப் போட்ட தட வேற, இங்கன கட்டப் போற கட்டடம் வேற. ரெண்டயும் சேத்து முடிச்சுப் போட்டது நீங்க. முடிச்ச அவுத்துட்டுப் பேசுங்க. மழையில நாங்க நின்ன எடம் இந்தப் படி. தண்ணி நின்ன எடம் இந்தத் தர. இதுல பாதிய எடுத்துட்டா அடுத்த மழைக்குத் தண்ணி எங்க நிக்கும், நாங்க எங்க நிப்போம்?"

அதிகாரிகள் நிமிர்ந்தார்கள். முந்தின வாரம் அவரைத் திட்டியவரே முதலில் கைதட்டினார். நான் சொன்ன அதே சொற்கள்தான். என் வாயிலிருந்து வந்தபோது அவை காகிதமாக இருந்தன.

கைதட்டல் ஓய்ந்ததும் ஆக்னஸ் என் பக்கம் திரும்பினார். "இது எஞ் சொந்தச் சரக்கு இல்ல. இந்தா இருக்காளே வடிவு, அவ வருசக்கணக்கா எழுதிக்கிட்டுக் கெடந்தது. வடிவு, எந்திரிளா."

எழுந்து நின்றேன். மறுபடியும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் யாருக்கு என்று நின்றுகொண்டிருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மாற்று யோசனை இருந்தால் வரைபடத்தோடு கொடுங்கள் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அதை வரையும் வேலை எனக்கு வந்தது. மைதானத்தின் தரை முழுவதும் திறந்தவெளியாகவே இருக்கும். கேலரியைப் பழுது பார்த்து, சாலைப் பக்கம் அதன் அடியில் கடைகள் மட்டும் வரும். நிறையும் தண்ணீர் உப்பளத்துக்குப் போக ஒரு வாய்க்கால். ஆக்னஸ் தினமும் வேலை முடிந்து வந்து எதிரில் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் படத்தில் விரலை வைத்தார்.

"இது என்னதுளா, ரெண்டு கோடு?"

"வாய்க்கா. ஒண்ணு போதும். எங்க வீட்டு ஓரமாவும் கொண்டுபோவலாம், ஒங்க வீட்டு ஓரமாவும் கொண்டுபோவலாம்."

"கொண்டுபோனா?"

"வாய்க்காக் கரையில இருக்க வீட்டுக்கு மாடி கெடைக்காது. இங்கன போட்டா எனக்கு. அங்கன போட்டா ஒனக்கு."

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்க பக்கமே போடு" என்றார்.

"பிரிசில்லா என்ன சொல்லுவா?"

"திட்டுவா. திட்டிட்டுப் போறா. ஒம் மவன் வீட்டுக்கு வரணும்லா."

என் பக்கமே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார். அவர் முந்தியிருக்காவிட்டால் உண்மையிலேயே சொல்லியிருப்பேனா என்று எத்தனையோ தடவை எனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்தக் கேள்வியை என்னிடம் விட்டுவிட்டுப் போனதற்காகவும் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. விட்டுக்கொடுப்பது எனக்கும் வரும். ஆனால் நாள்கணக்கில் யோசித்து, மனசு வலித்து, பிறகு சொல்லிக்காட்டாமல் இருக்கப் பாடுபட வேண்டும். அவர் ஒரு டம்ளர் தேநீர் குடிக்கிற நேரத்தில் அதைச் செய்துவிட்டார்.

பெரிய திட்டம் கைவிடப்பட்டது. எங்கள் மாற்று யோசனையைச் சில திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். தடை நீங்கியது, வாய்க்காலும் வெட்டி முடித்தார்கள். பாராட்டுக் கூட்டத்தில் ஆக்னஸுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குடியிருப்பில் அவர் வீட்டுக்கு மட்டும் மாடி கிடையாது. பிரிசில்லா குடும்பம் துறைமுகத்துப் பக்கம் வாடகை வீட்டுக்குப் போய்விட்டது. பிரிசில்லா அம்மாவோடு கொஞ்ச காலம் பேசவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிள்ளைகளோடு வரத் தொடங்கினார். மற்ற நாட்களில் ஆக்னஸ் தனியாகத்தான் இருந்தார். "வீடு வெறிச்சோன்னு கெடக்குளா" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை.

அடக்கத்தன்று கேலரித் தெருவில் நிற்க இடமில்லை. துறைமுகத்து ஆட்கள் வந்திருந்தார்கள். மைதானத்தில் விளையாடும் பெண்கள் சீருடையோடு வந்து வரிசையாக நின்றார்கள். திட்டம் கைநழுவிப் போன தரப்பிலிருந்துகூட ஒருவர் பெரிய மலர்வளையத்தோடு வந்திருந்தார். எனக்கு இத்தனை கூட்டம் வராது என்று அங்கே நின்றபடியே நினைத்தேன். அழுதேனா என்று கேட்டால், அழுதேன். பெட்டியை மூடும்போது ஒரு முறை அந்த முகத்தைப் பார்க்க முண்டியடித்துக்கொண்டு போனேன்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி அவருடைய வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மதிலோரம் மலைபோலக் குவித்து வைத்திருந்த மாலைகளும் வளையங்களும் சரிந்து வாய்க்காலில் விழுந்து அடைத்துக்கொண்டன. மைதானத்திலிருந்து வந்த தண்ணீர் வாய்க்காலில் ஏறி, தெருவில் வழியத் தொடங்கியது. வந்தவர்கள் குடை பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அந்தச் சரிவு எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் விட்டால் எல்லா வாசலுக்கும் தண்ணீர் வந்துவிடும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி மாலைகளை இழுத்துப்போட்டேன். பிரிசில்லாவும் இறங்கி வந்தார்.

"நீங்க ஏறுங்க சித்தி. நான் எடுக்கேன்."

"ரெண்டு பேருமா எடுப்போம்."

ரோஜா மாலைகள் தண்ணீரில் ஊறிக் கல்லாகக் கனத்தன. இழுத்துக்கொண்டே, பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"பிரிசில்லா, ஒங்க அம்மாவுக்கு எம்மேல எப்பமாவது பொறாம இருந்துருக்கா? நான் படம் போடுததப் பாத்தோ, எம் மவன் வரப் போறதப் பாத்தோ?"

பிரிசில்லா கையில் மாலையோடு நின்று யோசித்தார். எனக்காகப் பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் ஆக்னஸின் மகள்.

"இல்ல சித்தி. அம்மாவுக்கு அது வராது."

ஆமாம் என்று கேட்டிருந்தால் ஒருவேளை எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் கடைசி வளையத்தின் மூங்கில் பட்டையைப் பிடித்து இழுத்தேன். அடைப்பு விட்டது. தேங்கியிருந்த தண்ணீர் பெரிய சத்தத்தோடு புரண்டு, ஆக்னஸ் வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு உப்பளத்தைப் பார்த்து ஓடியது. தெருவில் ஏறிய தண்ணீர் பின்வாங்கிப் போவதைப் பிரிசில்லாவும் நானும் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

போய் வாருங்கள், ஆக்னஸ். ஒரு வீட்டு வாசலுக்கும் தண்ணீர் வரவில்லை. உங்கள் மாலைகளில் ஒன்றையும் தண்ணீரோடு போக விடவில்லை. எல்லாவற்றையும் உங்கள் மதில்மேல் எடுத்துப் போட்டிருக்கிறேன். எத்தனை மாலைகள்!